நடுவில் இருப்பவரின் கதிரை

சென்ற வாரம் எமது வீட்டுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. மத்தியஸ்த சபைக்கு எமது பெயரைப் பிரேரிக்கப் போவதாகச் சொல்லி, ஊரிலுள்ள சங்கமொன்றின் செயலாளர் அதைக் கையோடு கொண்டு வந்து தந்தார். "சேர், நீங்க படிச்சவர். ஒருத்தரோடயும் கோபமில்லாத ஆள். நீங்க இருந்தா நல்லம்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். படிவம் இன்னும் நிரப்பாமல் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

ஒருவரோடும் கோபமில்லாத ஆள் என்பது பாராட்டுத்தான். ஆனால் 2021க்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டால் எமக்கு உள்ளே எங்கோ தைக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கதையைக் கொஞ்ச நாட்களாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் பெயர் கிளார்க் கேர். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்த காலத்தில் ஒப்பீட்டுக் கல்விப் பாடத்துக்கு எமக்குக் கிடைத்த ஒப்படை, அவர் முன்னின்று செய்த உயர்கல்வித் திட்டம் பற்றியது. திட்டத்தைப் படிக்கப் போய் மனிதரைப் படித்துவிட்டோம். ஏனென்றால் அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பிணக்கு வந்தால் நடுவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வார். அப்படி நூற்றுக்கணக்கான பிணக்குகளைப் பார்த்தவர்.

இங்கே ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்வது நல்லது. எமது மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே இருப்பவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்தையும் பேசவைத்து உடன்பாட்டுக்குக் கொண்டு வரலாம், அவ்வளவுதான். உடன்படாவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். நடுத்தீர்ப்பு என்பது வேறு. நடுத்தீர்ப்பாளர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு "இதுதான் முடிவு" என்று எழுதிக் கொடுப்பார், அது இருவரையும் கட்டும். எமது நாட்டின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்திலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. கேர் இரண்டு வேலையையும் செய்தவர்.

1911இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டோனி கிரீக் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பிள் தோட்டக் குடும்பம். தகப்பன் பல மொழிகள் தெரிந்த படிப்பாளி. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது என்று நினைக்கும் சுபாவம் அவருக்கு. தாய் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், தொப்பி தைத்து உழைத்தவர். பிறக்கப் போகும் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு சேரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவராம். எமது உம்மாமார் நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிப்பித்த கதைகள் எமக்குத் தெரியும். பிள்ளை பிறக்குமுன்பே சேமித்த தாயை நாம் கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை.

1933இல் கேர் பேர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். அந்த வருடம் கலிபோர்னியாவின் சான் வோக்கின் பள்ளத்தாக்கில் பருத்தி பறிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூறு இறாத்தல் பருத்திக்கு ஒரு டொலர் வேண்டும் என்பது தொழிலாளர் கோரிக்கை. 60 சதம்தான் தருவோம் என்றார்கள் தோட்டக்காரர்கள். தோட்டக்காரர்களிடம் துவக்கு இருந்தது. பிக்ஸ்லி என்ற ஊரில் கூட்டத்தின் மேல் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். பேராசிரியர் போல் டெய்லர் இந்த இளைஞரை அங்கே அனுப்பினார், போய் இரண்டு பக்கத்தாரையும் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று. ஆளுநர் நியமித்த குழு கடைசியில் 75 சதம் என்று சொன்னது. இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டன.

இந்த 75 சதம் என்ற எண்ணில் நாம் அன்று நெடுநேரம் நின்றோம். 60க்கும் 100க்கும் சரிநடு 80. குழு சொன்னது அதைவிடக் குறைவு. நடு என்று சொல்லப்படுவது எப்போதும் நட்டநடுவில் இருப்பதில்லை. எந்தப் பக்கம் பலமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அது கொஞ்சம் சரிந்துதான் கிடக்கும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற் பிணக்கு வேலைநிறுத்தமாக மாறாமல் பார்க்க அமெரிக்க அரசு ஒரு போர்க்காலத் தொழிற் சபையை வைத்திருந்தது. கேர் அதில் வேலை பார்த்தார். போர் முடிந்த 1945இல் பேர்க்லியில் கைத்தொழில் உறவுகள் நிறுவகத்துக்கு முதல் பணிப்பாளரானார். 1946-47இல் பசிபிக் கரைத் துறைமுகங்களுக்கு நடுநிலைத் தலைவர். ஒரு பக்கம் கப்பல் கம்பனிகள். மறுபக்கம் ஹரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம். 1934 வேலைநிறுத்தத்தில் சான்பிரான்சிஸ்கோ வீதியில் உயிர் போன இடம் அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத அந்த இரு சாராருக்கும் இடையில் இவர் அமர்ந்திருந்தார். குரல் உயர்த்தாத மனிதர், கோபத்தில் பேசமாட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். கல்லூரிக் காலத்தில் குவேக்கர் வழியில் சேர்ந்தவர், சமாதானத்தை நம்பும் மக்கள் அவர்கள்.

பல்கலைக்கழக நிருவாகத்துக்கு அவர் வந்ததும் ஒரு பிணக்கு வழியாகத்தான். 1949இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆளுநர் சபை, கம்யூனிஸ்ட் இல்லை என்று விரிவுரையாளர்கள் எல்லாரும் சத்தியம் செய்து கையொப்பமிட வேண்டும் என்றது. மறுத்தவர்களில் 31 பேர் 1950இல் வேலையை இழந்தார்கள். கேர் தாமே கையொப்பமிட்டவர். ஆனால் விரிவுரையாளர் குழுவில் இருந்துகொண்டு, கையொப்பமிடாதவர்களை நீக்கக் கூடாது என்று ஆளுநர் சபையின் முகத்துக்கு நேரே வாதாடினார். 1952இல் நீதிமன்றம் நீக்கப்பட்டவர்களின் பக்கம் தீர்த்தது. அதே வருடம் சக விரிவுரையாளர்களின் நம்பிக்கையோடு பேர்க்லி வளாகத்தின் முதலாவது தலைவரானார், எமது கணக்கில் உபவேந்தர் மாதிரி. 1958இல் எல்லா வளாகங்களுக்கும் மேலான தலைவரானார்.

இனி வருவதுதான் ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய இடம். அன்று கலிபோர்னியாவில் பிள்ளைகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அரசியல்வாதியும் தன் ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் கேட்டார். மாநிலக் கல்லூரிகள் தாமும் கலாநிதிப் பட்டம் கொடுக்க வேண்டும் என்றன. பல்கலைக்கழகம் விடவில்லை. இரண்டு வருடக் கல்லூரிகளை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கேர் துறைமுகத்தில் பழகிய வேலையை இங்கே செய்தார். எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் ஒன்றைப் பெற்று ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி பேசினார். 1960இல் அது சட்டமானது.

திட்டம் சுருக்கமாக இதுதான். உயர்தரப் பாடசாலையில் தேறும் பிள்ளைகளில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி. மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிக்குத் தகுதி. மற்ற எல்லாருக்கும் ஊருக்கு ஊர் இருக்கும் இரண்டு வருடக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும். அங்கே இரண்டு வருடம் நன்றாகப் படித்தால் அப்படியே பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். கலாநிதிப் பட்டத்துக்கும் ஒரு வழி கண்டார்கள், பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் கூட்டாகக் கொடுக்கலாம் என்று. மேல்வாசலைக் கொஞ்சம் ஒடுக்கி, கீழ்வாசலை முழுதாகத் திறந்துவிட்டார்கள். சான் டியேகோ, ஏர்வைன், சாந்தா குரூஸ் என்று மூன்று புதிய வளாகங்களும் அவர் காலத்தில் எழுந்தன.

எமது பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் ஏ.எல். எழுதுகிறார்கள். அண்மைய வருடங்களில் பல்கலைக்கழகம் எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். இசட் புள்ளி ஒரு மயிரிழையில் தவறிய பிள்ளைக்கு நாம் என்ன சொல்கிறோம்? திரும்ப எழுது, இல்லாவிட்டால் எச்.என்.டி. பார், காசிருந்தால் தனியாரில் படி, ஒன்றுமில்லாவிட்டால் கட்டாருக்குப் போ. அங்கே இரண்டு வருடம் நன்றாகப் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தில் போய் ஏறிக்கொள்ளும் அகலமான பாதை எம்மிடம் இல்லை. வடிகட்டுவதில் எமக்கு ஒரு குறையும் இல்லை. வடியில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த கதவு எது என்று காட்டுவதில்தான் குறை. கேர் அதைச் செய்தார். தோற்ற பக்கமும் கையில் ஏதாவது கொண்டு போக வேண்டும் என்பது நடுத்தீர்ப்பாளரின் பழக்கம். அந்தப் பழக்கத்தில் வந்த திட்டம் அது.

1963இல் ஹாவர்டில் அவர் ஆற்றிய உரைகள் புத்தகமாக வந்தன. இன்றைய பல்கலைக்கழகத் தலைவருக்குப் பல முகங்கள் இருந்தாலும் அவர் பெரும்பாலும் மத்தியஸ்தர்தான் என்ற கருத்து அதில் வருகிறது. அப்போது அவர் உச்சத்தில் இருந்தார். அடுத்த வருடமே விழத் தொடங்கினார்.

1964 செப்டெம்பரில் பேர்க்லி வாசலில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் ஒரு சிறு நடைபாதையில், இனி அப்படிச் செய்யக் கூடாது என்று வளாக நிருவாகம் தடை போட்டது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குக் காசு சேர்த்த பிள்ளைகள் அவர்கள். கேர் அப்போது வெளிநாட்டில். திரும்பி வந்து பார்த்தபோதே தடை பிழை என்று அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் அதை நீக்கவில்லை. நீக்கினால் வளாகத் தலைவரின் முகம் கெடும், ஆளுநர் சபை கோபிக்கும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். பின்னாளில் தாமே தமது பெரிய பிழையாக இதைச் சொன்னார்.

ஒக்டோபர் முதலாம் திகதி ஜக் வைன்பேர்க் என்ற இளைஞரைப் பொலிஸ் பிடித்துக் காரில் ஏற்றியது. மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். 32 மணித்தியாலம் கார் அசையவில்லை. மரியோ சவியோ என்ற மாணவர், காருக்குச் சேதம் வராமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறிப் பேசினார். நூற்றுக்கணக்கான பொலிஸார் தயாராக நிற்க, கேர் மாணவப் பிரதிநிதிகளோடு மேசையில் அமர்ந்து ஓர் உடன்பாடு எழுதினார். அன்று இரத்தம் சிந்தவில்லை, அது அவருடைய கைராசி. ஆனால் தடை தடையாகவே இருந்தது. டிசம்பரில் மாணவர்கள் நிருவாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்தார்கள். ஆளுநரின் கட்டளையில் ஏறத்தாழ 800 பேர் கைதானார்கள். நாலைந்து நாள் கழித்துத் திறந்தவெளி அரங்கில் பல்லாயிரம் பேர் முன்னால் கேர் சமாதான யோசனையை வாசித்தார். கூட்டம் முடிந்ததும் சவியோ ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். பொலிஸார் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். வாசித்த யோசனையெல்லாம் அந்த ஒரு காட்சியில் அடிபட்டுப் போனது. மறுநாள் விரிவுரையாளர் பேரவை 824க்கு 115 என்று மாணவர்களின் கோரிக்கைப் பக்கம் வாக்களித்தது.

மற்றவர்களின் பிணக்கில் அத்தனை தீர்ப்புச் சொன்ன மனிதர் இங்கே ஏன் சறுக்கினார்? எமக்கு விளங்கியது இது. துறைமுகத்தில் அவர் வெளியாள். பேர்க்லியில் அவரே ஒரு கட்சி. தடை அவருடைய நிருவாகத்தின் தடை. தன் கையில் இருக்கும் பிழையைத் திருத்தாமல், அதை நடுவில் வைத்துப் பேரம் பேசினார். மாணவர்கள் அதை நடுநிலை என்று எடுக்கவில்லை. மறுபக்கம், மாணவர்களோடு பேசியதே குற்றம் என்று ஆளுநர் சபையில் சிலர் சொன்னார்கள். பேர்க்லியைச் சுத்தம் செய்வேன் என்று சொல்லித் தேர்தலில் வென்ற ரொனால்ட் ரீகன் ஆளுநராகி மூன்று வாரம் கூட முடியவில்லை. 1967 ஜனவரி 20ஆம் திகதி ஆளுநர் சபை 14க்கு 8 வாக்கில் கேரை நீக்கியது. மாணவர்களுக்கு அவர் அதிகாரத்தின் ஆள், அதிகாரத்துக்கு மாணவர்களின் ஆள். எவ்.பி.ஐ.யும் அவருக்கு எதிராக வேலை செய்தது. ஜனாதிபதி ஜோன்சன் அவருக்கு அமைச்சுப் பதவி கொடுக்க யோசித்தபோது, பொய்யென்று தெரிந்த குற்றச்சாட்டுகளையும் சேர்த்து அறிக்கை அனுப்பியிருந்தது. 2002இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது வெளியானது.

வந்தபோதும் போகும்போதும் ஒரே மாதிரி உற்சாகத்தோடுதான் என்று, நீக்கப்பட்ட ஆங்கிலச் சொல்லை வைத்தே பகிடி விட்டார். பிறகு கார்னகி ஆணைக்குழுவின் தலைவராகப் பல வருடம் உயர்கல்வி பற்றி ஆராய்ந்தார். வறிய மாணவர்களுக்கு நேரடியாக உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று அந்த ஆணைக்குழு வலியுறுத்தியது. பழைய தொழிலையும் விடவில்லை. 1984இல், எழுபது வயது தாண்டிய பிறகு, அமெரிக்கத் தபால் சேவைக்கும் அதன் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான சம்பளப் பிணக்கில் நடுத்தீர்ப்புச் சபைக்குத் தலைமை தாங்கினார். 2003 டிசம்பர் முதலாம் திகதி 92 வயதில் காலமானார். இன்று பேர்க்லியில் ஒரு விடுதி வளாகத்துக்கு அவர் பெயர். கைது நடந்த கட்டடத்தின் படிக்கட்டுக்குச் சவியோவின் பெயர்.

இப்போது எமது கதைக்கு வருகிறோம்.

2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக நாடு முழுவதும் ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒக்டோபர் வரை போனது. எமது பாடசாலையில் பெரும்பாலானோர் நிறுத்தினார்கள், சிலர் தொடர்ந்தார்கள். நாம்? சங்கம் சொன்னபடி வகுப்பை நிறுத்தினோம். ஏ.எல். பிள்ளைகள் சிலருக்கு இரவில் குறிப்பும் அனுப்பினோம். இரண்டு பக்கமும் நல்லவராக இருந்தோம்.

அந்த நாட்களில் வகுப்பை நிறுத்திய ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலொன்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கீழே எழுதக் கூசும் வார்த்தைகள். அதில் மூன்றாம் வருடச் சேவையிலிருந்த ஒரு இளம் டீச்சரின் பெயரும் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் வைத்து அவருக்கு ஏசினார்கள். பட்டியலைப் போட்டவர் யாரென்று எமக்குத் தெரியும். எமது பல வருட நண்பர், சக ஆசிரியர்.

பாடசாலை திறந்தபோது ஓய்வறையில் கதிரைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து கிடந்தன. நாம்தான் ஓடித் திரிந்து எல்லாரையும் சேர்த்தோம். புரியாணி எடுத்தோம், கைகொடுக்க வைத்தோம், படம் எடுத்தோம். அன்று அந்த டீச்சர் எம்மிடம் தனியாகக் கேட்டார், "சேர், அந்த லிஸ்ட்டப் போட்டது யாரெண்டு உங்களுக்குத் தெரியுமா?" "அது முடிஞ்ச கதை டீச்சர், விடுங்க" என்றோம். எமது சமாதானம் கெட்டுவிடக் கூடாது என்று. அடுத்த வருடம் அவர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் சேர்ந்துவிட்டோம் என்ற படம் எமது தொலைபேசியில் இருக்கிறது. அதில் அவரும் நிற்கிறார், சிரிக்கவில்லை.

அவர் கேட்டது சமாதானம் இல்லை, ஒரு பதில். அது எமது கையில் இருந்தது. கேரின் கையில் அந்தத் தடை இருந்த மாதிரி.

படிவம் வந்த மூன்றாம் நாள் நாம் அந்த நண்பரிடம் போனோம். டீச்சரிடம் சொல்லப் போகிறோம், முடிந்தால் நீங்களே வந்து சொல்லுங்கள் என்றோம். அவர் கதவைச் சாத்தவில்லை, ஆனால் அன்றிலிருந்து எம்மோடு பேசுவதில்லை. பிறகு டீச்சருக்குத் தொலைபேசி எடுத்தோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வாங்க சேர். ஆனா சமாதானம் பேச வாறதெண்டா வேணாம்" என்றார். இல்லை, நீங்கள் அன்று கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வருகிறோம் என்றோம். சனிக்கிழமை போகிறோம். இதை எழுதுவது அவருக்குத் தெரியும்.

இணக்கம் பேசப் போகும் எல்லாருக்கும், பாடசாலையிலோ பள்ளிவாசலிலோ குடும்பத்திலோ, நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். நடுவில் அமருமுன் உங்கள் கையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கைகொடுத்த படம்தான் மிஞ்சும்.

ஒருவரோடும் கோபமில்லாத ஆள் என்று செயலாளர் சொன்ன தகுதி இப்போது எமக்கு இல்லை. சனிக்கிழமை போய் வந்த பிறகு, அதையும் அவரிடம் சொல்லிவிட்டு, அவருக்குச் சம்மதமென்றால் படிவத்தை நிரப்பலாம் என்று இருக்கிறோம்.